கூப்பிட்டால் அசையாத பிள்ளை

ஆகஸ்ட் 12, திங்கள்
காலையில் பள்ளி, பிறகு சூலியா தெரு கிளினிக். டிங்கிக் காய்ச்சல் கூட்டம். சோறு தின்னவே நேரமில்லை. ஆயர் ஈத்தாமில் பிள்ளைகளுக்கு இந்தத் தியானப் பள்ளியைத் தொடங்கியபோது கிளினிக்கை விட்டுவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கே விட்டேன்?

ஆனாலும் இன்று மனம் குளிர்ந்தது. வேக மூச்சுப் பயிற்சி முடிந்து தியானம். எட்டு வயது தனுஷா சிலைபோல் உட்கார்ந்திருந்தாள். "கூப்பிட்டாலும் அசைய மாட்டா டாக்டர்" என்று ஆசிரியை துஷ்யந்தி கிசுகிசுத்தாள். தனுஷாவின் அம்மா ரமணியிடம், "உங்க பிள்ளைக்குத் தவம் கூடியிருக்கு" என்றே சொல்லிவிட்டேன். ரமணிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "வீட்டிலயும் அப்படித்தான் டாக்டர். சோறு பிசைஞ்சுக்கிட்டே இருப்பா, கை அப்படியே நின்னுடும்."

ஆகஸ்ட் 13
சோற்றுத் தட்டில் என்ன தியானம்?

ஆகஸ்ட் 15, வியாழன்
இன்று கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேக மூச்சு முடிந்ததும் பார்வை நிலைகுத்தியது. இமை படபடத்தது. உதடு எதையோ மெல்வதுபோல். கையைத் தொட்டேன் — இல்லை, அவள் அங்கே இல்லை. சில விநாடிதான். பிறகு, "முடிஞ்சிருச்சா டாக்டர்?" என்றாள்.

கிளினிக்கில் இப்படி ஒரு பிள்ளை வந்திருந்தால் அன்றே சந்தேகப்பட்டிருப்பேன். வலிப்பு. விழாமல், துடிக்காமல், ஆளை மட்டும் எங்கோ கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவரும் வலிப்பு. வேகமாக மூச்சு விட்டால் அது வரும். பரிசோதனையில் அதை வரவழைக்கவே அப்படி மூச்சு விடச் சொல்வார்கள். நானோ அதைத் தினமும் காலையில்... அட கடவுளே. தியான அறையில் நுழைந்தால் படித்ததெல்லாம் செருப்போடு வெளியே நின்றுவிடுமா?

ஆகஸ்ட் 16
வேக மூச்சை நிறுத்தச் சொன்னேன். துஷ்யந்திக்குக் கோபம். "எவ்வளவு அமைதியான பிள்ள, அதைப் போய் நோயாளிங்கிறீங்களே!"

ஆகஸ்ட் 19, திங்கள்
ரமணியிடம் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. அவசரம், என் பிறவிக் குணம். "போன வாரம் தவம்னீங்க, இந்த வாரம் வலிப்புங்கிறீங்க. எந்த டாக்டர நான் நம்புறது?" பிள்ளையின் கையைப் பிடித்து விறுவிறுவென்று போய்விட்டாள்.

சரியான கேள்விதான்.

ஆகஸ்ட் 21
தனுஷா வரவில்லை. இன்றும்.

ஆகஸ்ட் 24, சனி
பொறுக்க முடியவில்லை. அவர்கள் ஃபிளாட்டுக்கே போய்விட்டேன். ரமணி இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நான் சொன்னதுதான் தப்பு. பிள்ளை என்ன தப்பு பண்ணுச்சு?" என்றேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நேத்து பாசாருக்குக் காய் வாங்கப் போறப்ப நடு ரோட்ல நின்னுட்டா டாக்டர். மோட்டார்காரன் பிரேக் போட்டதுனால பொழைச்சா. எனக்கு ரொம்ப நாளா பயம்தான். நீங்க தவம்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்குனேன்."

கதவைத் திறந்தாள். எனக்குத்தான் உள்ளே போகக் கால் வரவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்
பெரிய ஆஸ்பத்திரியில் தனுஷாவின் தலையில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதனை. "ஆழமா, வேகமா மூச்சு விடும்மா" என்றார்கள். தனுஷாவுக்கு ஒரே பெருமை. "இது எனக்குத் தெரியுமே! எங்க டாக்டர் சொல்லிக் குடுத்திருக்காங்க." ஊது ஊதென்று ஊதினாள். கணினித் திரையில் வலிப்பின் அலைகள் எழும்பின. ரமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

மருந்து தொடங்கியாகிவிட்டது.

செப்டம்பர் 20
மருந்தால் தனுஷாவுக்குத் தூக்கம் வருகிறதாம், எரிச்சல் படுகிறாளாம். அளவை மாற்றியிருக்கிறார்கள். நம்மால் முடிந்தது காத்திருப்பதுதான். எனக்கு அது வராது.

அக்டோபர் 7, திங்கள்
தனுஷா திரும்பி வந்து ஒரு வாரம். தியானத்தில் முதுகைச் சொறிந்தாள். ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். பக்கத்துப் பிள்ளையின் சடையை இழுத்தாள். "முன்ன எப்படி இருந்த பிள்ள!" என்று துஷ்யந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"தனுஷா" என்று மெல்லக் கூப்பிட்டேன்.

"என்னா டாக்டர்?"

ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன்.

"என்னா லா டாக்டர், கண்ண மூடுங்க!"