கண் திறந்த படம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

சிங்கப்பூரில் வேலை எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே ஒரு வாரமாக அடைமழை. ரப்பர் பால்மரக் காட்டில் வேலை இல்லை.

நேற்று கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போய், கனி பாய் கடையில் இரண்டு கேமரா பார்த்தேன். இரண்டுமே சட்டைப்பைக்குள் அடங்கும். ஒன்று வெயில் இருந்தால்தான் படம் எடுக்கும். இன்னொன்றில் ஃபிளாஷ் இருக்கிறது. "மழைன்னா இதுதான்லா தங்கச்சி, வீட்டுக்குள்ளயே எடுக்கலாம்" என்று பாய் என் முகத்துக்கு நேரே அடித்துக் காட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூன்று முறையும் அப்படித்தான்.

இப்போது எதற்குக் கேமரா என்று திட்டாதீர்கள். நம் தோட்டத்து லயத்து வீடுகளில் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தானே படக்காரரைக் கூப்பிடுகிறோம்? எங்கம்மாவுக்கு இருப்பது ஒரே படம், சவப்பெட்டியைச் சுற்றி நாங்கள் நிற்க எடுத்தது. அதைப் பார்த்துப் பார்த்து, அம்மா கண் திறந்திருந்த முகமே எனக்கு மறந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டியை எடுக்கிறார்கள். சின்னக் கட்டிதான். ஆனாலும் அதற்கு முன்பே உங்களை வந்து தன்னைப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மழை விடாது போலிருக்கிறது. ஃபிளாஷ் உள்ளதையே வாங்கப் போகிறேன். புதன்கிழமைக்குள் வந்து, என்னையும் பாப்பாவையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள்.

கண்ணாடி முன் நின்று, டார்ச் லைட்டை முகத்தில் அடித்துப் பழகுகிறேன். பாப்பா விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள். இன்றைக்குப் பத்து முறையில் இரண்டு முறை கண்ணை மூடாமல் இருந்தேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா