உப்புக் கிணற்றுக்குக் கீழே ஒரு ஏரி

ஜனவரி 17, செவ்வாய்

காலைச் சுற்று முடிந்து டிப்போவில் பள்ளிப் பஸ்ஸை விட்டபோது ஒன்பது பத்து. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு வாந்தி. மதியச் சுற்றுக்கு ஒன்றே முக்காலுக்குத் திரும்பிப் போனால் போதும். நடுவில் இருக்கும் நேரத்தை மற்ற ஓட்டுநர்கள் தூங்கிக் கழிக்கிறார்கள். நான் குகைகளில் கழிக்கிறேன்.

இன்று முடித்தது ஒரு பிரெஞ்சுக்காரர் செய்த மாற்றுப் பதிப்பு. அடிப்படை அதே பழைய விளையாட்டுதான். விண்வெளி உடுப்புப் போட்ட ஒற்றை ஆள் பூமிக்கடியில் குகை குகையாகத் தேடிப் போவது. கம்பெனி அதை வெளியிட்டு முப்பது வருடம் ஆகப்போகிறது. ரசிகர்கள் விட்டபாடில்லை. குகைகளை இடித்து, தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டி, வீட்டிலிருந்தே புதுசு புதுசாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை இருநூற்றுப் பதினான்கு முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ரசிகர்களின் இணைய மன்றத்தில் விமர்சனம் எழுதியிருக்கிறேன். அங்கே என் பெயர் சரளை. சரளை நான்கு நட்சத்திரம் கொடுத்தால் அத்தனை பேரும் இறக்கிக்கொள்வார்கள். சரளை ஓர் ஆண் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

பிரெஞ்சுக்காரருக்கு இரண்டு.

ஜனவரி 20, வெள்ளி

பெர்னிக்கு வாய் ஓயாது. என் பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து, சக்கர நாற்காலிப் பிள்ளைகளுக்குப் பட்டை மாட்டிவிடும் உதவியாளர் அவள். மூன்று வருடமாக ஒரே கேள்வி.

“ஏன்டி நோரீன், நடுவுல அவ்ளோ நேரம் வீட்டுல என்னதான் பண்ற? யாரையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கியா?”

“ஆமா. எட்டுப் பேரு.”

“அதுல ஒருத்தனை எங்கிட்டத் தள்ளி விடேன்!”

சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜனவரி 22, ஞாயிறு

வெள்ளி மாலையிலிருந்து இதுவரை நான் வாய் திறந்து பேசியது இரண்டே சொல். கடைப் பெண்ணிடம், “பை வேண்டாம்.”

ஜனவரி 24, செவ்வாய்

மன்றத்தில் ‘ஊறுகாய் ஜாடி’ என்று ஒரு புது ஆள் கேட்டிருந்தார்: “உப்புக் கிணறு விளையாடறேன். கீழ இருக்கற ஏரியை எப்படித் தாண்டறது?”

உப்புக் கிணற்றில் ஏரி கிடையாது. நான் முடித்த முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ அது. பதினோரு வருடம் ஆகிறது. ‘வேறு எதையோ குழப்பிக்கொள்கிறீர்கள்’ என்று எழுதினேன், கொஞ்சம் கிண்டலாகவே.

மதியம் திரும்பி வந்து பார்த்தால் படம் போட்டிருக்கிறார். ஏரி. கரையில் வரிசையாக வீடுகள். மேலே மூலையில் உப்புக் கிணற்றின் முத்திரை.

“தல, இதுதான். நீங்க பாத்ததில்லையா?”

உப்புக் கிணற்றை மறுபடி இறக்கிக்கொண்டேன்.

ஜனவரி 26, வியாழன்

எங்கள் ஊர் ஏரிப் பக்கமிருந்து ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் விடுமுறை. காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் ஓர் ஆழமான கிணறு. இரண்டு பக்கமும் வழுக்குச் சுவர். சுவரில் உதைத்து உதைத்து மேலேறும் வித்தை ஒன்று உண்டு. விளையாட்டு அதைச் சொல்லிக்கொடுக்காது, நாமே பழக வேண்டும். மன்றத்தில் நாலைந்து பேருக்குத்தான் சுத்தமாக வரும். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஏறினேன். மேலே மூன்று குகை, ஒரு காலி வீடு, முற்றும். பதினோரு வருடத்துக்கு முன்பு பார்த்தது அதேதான்.

மூன்று மணி நேரம் ஒவ்வொரு சுவராகத் தட்டினேன். ரகசியக் கதவு எதுவும் இல்லை. கடைசியில் மானத்தை விட்டு ஊறுகாய் ஜாடியிடம் கேட்டேன். உடனே பதில் வந்தது.

“கதவெல்லாம் இல்ல தல. கெணத்துல பாதி ஏறினதும் கைதவறி விழுந்தேன். தரை உடைஞ்சிடுச்சு. நீங்க விழவே இல்லையா?”

இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

பாதி உயரம் ஏறிப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கப் பார்த்தேன். விரல் எடுபட மறுத்தது. தானாக அடுத்த உதையை உதைத்தது. நாலாவது தடவை கன்ட்ரோலரையே மடியில் போட்டுவிட்டேன். ஆள் விழுந்தான். தரை பிளந்தது.

ஏரி.

ஜனவரி 31, செவ்வாய்

கீழே ஐந்து நாளாக இருக்கிறேன். சுடுவதற்கு ஒன்றும் இல்லை, ஓடவும் வேண்டாம். பதினேழு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, அதை ஏற்ற ஒரு வழி. ஒரு வீட்டில் காயும் துணிகூட இருக்கிறது. பழைய விளையாட்டின் பாறைத் துண்டுகளை வைத்துத் துணி செய்திருக்கிறார் மனுஷன். எத்தனை வாரம் பிடித்திருக்கும்?

பிப்ரவரி 2, வியாழன்

முடித்தேன். பதினேழு விளக்கையும் ஏற்றினால் மேலே ஏறும் காலணி கிடைக்கிறது. அதே கிணறு, அதே மூன்று குகை, அதே வீடு. ஆனால் இந்தத் தடவை வீடு காலியாக இல்லை. ஜன்னலில் வெளிச்சம். மேசையைச் சுற்றி ஆட்கள். ஒரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருக்கிறது.

கடைசியில் ஒரே ஒரு வரி: ‘எப்போதும் விழுகிற லொரெய்னுக்கு.’

பிறகு என் பழைய விமர்சனத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். எழுதி வைக்க வேண்டும்.

‘பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தேன். ஒரு கிணறு, மூன்று குகை, ஒரு காலி வீடு. செய்தவருக்குச் சொல்ல எதுவும் இல்லை, அதைச் சொல்ல நம் நேரத்தை எடுத்துக்கொள்கிறார். ஒரு நட்சத்திரம், அதுவும் பூஜ்யம் கொடுக்க வழியில்லாததால்.’

அதற்குக் கீழே பத்தொன்பது பேர் சிரித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே செய்தவர் — மன்றத்தில் அவர் பெயர் நாரை — ஒரே வரி எழுதியிருக்கிறார்: ‘விளையாடிப் பார்த்ததற்கு நன்றி.’

அதுதான் அவர் அங்கே எழுதிய கடைசி வரி. இத்தனை வருடத்தில் உப்புக் கிணற்றை இறக்கிக்கொண்டவர்கள் அறுபத்து மூன்று பேர். அதில் யாராவது விழுந்திருப்பார்கள், ஏரியைப் பார்த்திருப்பார்கள். சரளை தீர்ப்புச் சொன்ன பிறகு யார் எதிர்த்து எழுதுவார்கள்?

பிப்ரவரி 5, ஞாயிறு

யாருக்கும் தெரியாது. ஊறுகாய் ஜாடி பழைய விமர்சனத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. மன்றத்தை நடத்துகிறவரிடம் சொன்னால் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். கதை முடிந்தது.

பிப்ரவரி 8, புதன்

முடியவில்லை. காலையில் பதினான்காம் தெருத் தண்டவாளத்துக்கு முன்னால் வழக்கம்போல பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்து காது கொடுத்தேன். ரயில் வருகிறதா என்று. சட்டம் அது. நிற்கத் தெரியாதவளா நான்? தினமும் எட்டு இடத்தில் நிற்கிறேனே.

ஒரு மனிதன் பதினேழு வீட்டுக்கு விளக்கு வைத்திருக்கிறான். நான் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

பயம் எதற்கென்று நேராக எழுதுகிறேன். என் கணவர் டென்னிஸ் இறந்து ஒன்பது வருடம். தம்பி அரிசோனாவிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான். இந்த உலகத்தில் நான் சொன்னதை யாராவது பொருட்படுத்துகிற ஒரே இடம் அந்த மன்றம். சரளையும் போய்விட்டால் மிச்சம் யார்? நான் ஓட்டும் முப்பத்தொன்றாம் நம்பர் பஸ்.

பிப்ரவரி 13, திங்கள்

போட்டுவிட்டேன். பழைய விமர்சனத்தை எடுக்கவில்லை. அதற்கு மேலேயே எழுதினேன்: ‘நான் இதை விளையாடவே இல்லை. வாசலைப் பார்த்துவிட்டு வீட்டைப் பற்றி எழுதினேன். என் பேச்சைக் கேட்டு ஒதுக்கியவர்கள் தயவுசெய்து போய் விழுங்கள்.’

நாரையின் பழைய மின்னஞ்சல் முகவரிக்கும் ஒரு கடிதம். கீழே நோரீன் என்று சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 15, புதன்

வாங்கிக் கட்டிக்கொண்டேன். “ஜட்ஜ் ஐயா வீட்டுக்குள்ளயே போகாம தீர்ப்பு எழுதியிருக்காரு!” “அப்ப என்னோடதையாவது முழுசா விளையாடினீங்களா, இல்ல அதுவும் வாசலோடவா?” இதைக் கேட்டவருக்கு 2016இல் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. இருநூற்றுப் பதினான்கில் எத்தனை இப்படி?

பிப்ரவரி 24, வெள்ளி

தவக்காலத்தின் முதல் வெள்ளி. டிப்போவில் பெர்னி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னைக்கு சர்ச் ஹால்ல மீன் வறுவல். வா. பியெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு நான்தான் பிசையறேன், ருசிக்கு நான் கேரண்டி.”

“வேலை இருக்கு, பெர்னி.”

“அந்த எட்டுப் பேருமா?”

வீட்டில் டப்பா சூப். மின்னஞ்சல் இல்லை.

மார்ச் 6, திங்கள்

வந்துவிட்டது.

‘நோரீன், உங்க கடிதம் வந்துச்சு. ஆமா, அன்னைக்கே படிச்சேன். அடுத்ததைப் பாதி கட்டி வச்சிருந்தேன், மலைமேல நடக்கற மாதிரி. அந்த வாரமே அழிச்சிட்டேன். என் தங்கச்சி லொரெய்ன் கேட்டா, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு பொய் சொன்னேன். இப்ப கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா பரவாயில்லைன்னு எழுத எனக்குக் கை வரல. அவ விழுந்து அந்தத் தரை உடைஞ்சதைத் தவிர, வேற யாரும் உடைச்சு நான் பார்த்ததே இல்ல. — வால்டர்’

மார்ச் 7, செவ்வாய்

அழிச்சிட்டாரு. பாதி மலை. என்னால. பன்னெண்டு நிமிஷத்துல நான் பெரிய இவ மாதிரி எழுதின நாலு வரியால. மன்னிப்புக் கேட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு எவ சொன்னா? நான்தான் சொல்லிக்கிட்டேன். திருப்பித் தர எங்கிட்ட என்ன இருக்கு — ஒண்ணுமில்ல.

மார்ச் 9, வியாழன்

மதியச் சுற்றில் கடைசிப் பிள்ளை இறங்கியதும் பெர்னி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“மூஞ்சி ஏன்டி மூணு நாளா இப்படித் தொங்குது? யாரு செத்தது?”

சொல்லிவிட்டேன். குகை, கிணறு, நட்சத்திரம், சரளை, லொரெய்ன், எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். டிப்போ வரும்வரை அவள் பேசவே இல்லை. பெர்னி!

பிறகு, “அடிப்பாவி. அந்த மனுஷன் பந்தி போட்டு வச்சிருந்த வீட்டை, காலி வீடுன்னு எழுதிட்டு வந்திருக்க.”

“ஆமா.”

“சரி, எனக்குக் காட்டு.”

“உனக்கு விளையாடத் தெரியாதே.”

“அதனாலதான்டி கேக்கறேன். விழறதுக்குத் தெரிஞ்சிருக்கணுமா என்ன?”

மார்ச் 14, செவ்வாய்

மறுபடி பனி விடுமுறை. பத்து மணிக்குப் பெர்னி வந்தாள். கையில் ஒரு பெட்டி ஸ்பாஞ்ச் மிட்டாய், பூட்ஸில் பாதித் தெருவின் பனி. இந்தச் சோபாவில் இன்னொருவர் உட்கார்ந்து எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தேன், கணக்கு வரவில்லை. அவளைக் கேட்டுக்கொண்டு பதிவை ஓட விட்டேன். விளையாடுவதைக் குரலோடு பதிந்து செய்தவருக்கு அனுப்புவது எங்கள் மன்றத்தில் வழக்கம். நான் மற்றவர்களிடம் கேட்பேனே தவிர ஒருநாளும் அனுப்பியதில்லை.

பெர்னி கன்ட்ரோலரை ரொட்டித் துண்டு மாதிரி பிடித்தாள். முதல் பத்து நிமிடம் சுவரில் முட்டினாள். பிறகு இரண்டு உதை. விழுந்தாள். மூன்று உதை. விழுந்தாள். உயரம் போதாது, தரை உடையவில்லை. விளையாட்டுக்குள் இருந்த ஆளை அவள் திட்டிய திட்டு பாதிரியார் காதில் விழக் கூடாது.

“சொல்லிக் குடேன்டி!”

“மாட்டேன்.”

நாக்கு நுனிவரை வந்தது. மிட்டாயை எடுத்து வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். ஐம்பது நிமிடம் ஆயிற்று. எப்படியோ பாதிக்கு மேல் ஏறிவிட்டாள், அவளுக்கே ஆச்சரியம், “நோரீன் பாரு, பாருடி!” என்று என் பக்கம் திரும்பினாள். விரல் நழுவியது.

தரை பிளந்தது.

“ஐயய்யோ! உடைச்சிட்டேன்! நோரீன், உன் வெளயாட்டை உடைச்சிட்டேனே!”

நான் திரையைக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள். தண்ணீர், கரை, பதினேழு இருட்டு வீடுகள்.

“அடேயப்பா,” என்றாள், மெதுவாக. பிறகு, “யாருமே விளக்கு போடலியே. யாராச்சும் போடணுமில்ல?”

மார்ச் 15, புதன்

பதிவை வால்டருக்கு அனுப்பினேன். எதையும் வெட்டவில்லை, திட்டு உட்பட. கூடவே எழுதியது: ‘இவள் பெர்னி. அறுபத்திரண்டு வயது. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.’ மன்னிப்பு என்ற சொல்லை இந்தத் தடவை சேர்க்கவில்லை.

மார்ச் 17, வெள்ளி

பதிவைப் பார்த்தவர்: 1. பதில் இல்லை.

மார்ச் 21, செவ்வாய்

பெர்னி செவ்வாயும் வியாழனும் வருகிறாள். இதுவரை நாலு விளக்கு. ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் நின்று துணி துவைத்தது யார், இவர்களுக்குச் சாப்பாடு யார் போடுவது என்று விசாரிக்கிறாள். நான் பார்க்காத ஒரு பூனையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

மார்ச் 24, வெள்ளி

பதில் இல்லை. வராது என்றே நினைக்கிறேன். அவர் தர வேண்டியதில்லை. அந்தப் பதிவுக்குக் கீழே இப்போது ‘9 முறை பார்க்கப்பட்டது’ என்று இருக்கிறது. அதன் இணைப்பை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, நானும் திரும்பப் பார்க்கவில்லை. ஒருவேளை லொரெய்னும் சேர்ந்து பார்க்கிறாளோ?

மன்றத்தில் நாரையின் பக்கத்தைத் திறந்தேன். இத்தனை வருடமாக அங்கே ஒரே தேதிதான் இருந்தது, என் விமர்சனத்துக்கு மறுநாள். இன்று அது மாறியிருக்கிறது. ‘கடைசியாக வந்தது: இன்று காலை.’

இன்னும் எழுதலாம், ஆனால் மணி நாலரை. வெளியே பெர்னி ஹாரன் அடித்துத் தெருவையே கூட்டுகிறாள். சர்ச் ஹாலில் மீன் தீர்ந்துபோகுமாம்.