ராணி நின்ற இடம்

மகன் காசிநாதனுக்கு, அம்மா சாலம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை பெரியநாயகி எழுதுவது. இங்கே அப்பா, நான், நாயகி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை. அம்மா ஏன் போனை எடுப்பதில்லை என்று நாயகிக்கு நாலு தடவை மெசேஜ் போட்டிருக்கிறாய். உன்னிடம் வாயால் பேசிய பேச்சு என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன், இனி உனக்கு என்ன சொல்வதானாலும் காகிதத்தில்தான்.

மலையில் நாலு நாளாக மழை, சங்கராபுரம் பக்கம் தூறலோடு சரி. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. கரும்பு வெட்டு தொடங்கிப் பதினைந்து நாள் ஆகிறது, நானும் அப்பாவும் செல்லியம்மாளும் ஒரே வெட்டாள் செட்டில்தான் போகிறோம், ஆனால் போன திங்கட்கிழமையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். செல்லியம்மாள் மகள் ராணியை வேலையைவிட்டு நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நீயே சென்னைக்குக் கூட்டிப்போய் நீ வேலை பார்க்கிற சிக்கன் கடையில் சேர்த்துவிட்ட பெண், மூன்று வருஷம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவள். பத்து மணி நேரம் நிற்கிறோம், உட்கார ஒரு ஸ்டூல் வை, எண்ணெய் தெறித்தால் போட மருந்து வை, வாடகை போக நாலு காசு மிஞ்சுகிற மாதிரி சம்பளம் கொடு, இதைக் கேட்பதற்குத்தான் சங்கமாகச் சேரலாம் என்று கையெழுத்து வாங்கினாள். முதல் வருஷம் இதையெல்லாம் என்னிடம் சொல்லி அழுதவன்தான் நீயும். ஷிப்ட் மேனேஜர் ஆனதும் உனக்குக் கால்வலி போய்விட்டது.

அவளைப் பற்றி மேனேஜரிடம் நீ சொல்லவே இல்லை என்று நாயகியிடம் சாதித்தாயாம். கேள். ராணி அவள் அம்மாவிடம் சொன்னது, தன்னோடு சேர்த்துப் பதினாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று. செல்லியம்மாள் வாய் உனக்குத் தெரியாததா, வரப்பில் என்னிடம் சொல்லும்போது பெருமைக்கு அதை இருபத்திரண்டு ஆக்கிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து ஊரில் என்ன விசேஷம் அம்மா, ராணி வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தேனாகக் கேட்டாய். பிள்ளை அக்கறையாகக் கேட்கிறானே என்று இருபத்திரண்டு பேர் சேர்ந்துவிட்டார்களாம் என்று சொன்னேன். மூன்றாம் நாள் உன் பெரிய மேனேஜர் ராணியைக் கூப்பிட்டு, இருபத்திரண்டு பேரைப் பிடித்துவிட்டாயாமே என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார். கடையில் யாரைக் கேட்டிருந்தாலும் பதினாலு என்றுதானே வந்திருக்கும். இருபத்திரண்டு என்பது செல்லியம்மாள் வாயில் பிறந்தது, அவள் என்னிடம் மட்டும் சொன்னது, நான் உன்னிடம் மட்டும் சொன்னது. பெற்றவள் வாயைப் பிடுங்கி அடுத்தவள் சோற்றில் மண்ணைப் போட்டாயே.

செல்லியம்மாள் செட்டு மொத்தமும் கேட்கிற மாதிரி, "ஏண்டி சாலா, ஒன் வூட்டு போன்ல இருந்து நேரா கம்பெனிக்கே கம்பி இழுத்து வெச்சிக்கினு கீறியா? எம் பொண்ணு ராத்திரி இன்னா துன்னுச்சி, அதையும் கேட்டுக்கினு போய் சொல்லு" என்றாள். அப்பா வீட்டுக்கு வந்து, "இன்னா சொன்ன அவங்கிட்ட?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அதன்பிறகு என்னோடு பேச்சே இல்லை. அதுகூடப் போகட்டும். ராணியைப் பார்க்கப் போனேன். முழங்கைவரை எண்ணெய் சுட்ட தழும்பு. திட்டுவாள் என்று நினைத்தேன். "நீ இன்னா அத்த பண்ணுவ, பெத்த புள்ள கேட்டா சொல்லத்தான செய்வ" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ போட உள்ளே போனாள். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ராணி நின்ற சட்டி முன்னால் மீதிப் பதிமூன்று பேரில் ஒருவரும் நிற்கமாட்டேன் என்கிறார்களாம், மற்ற வேலையெல்லாம் செய்கிறார்களாம், அந்தச் சட்டி மட்டும் சும்மா கிடக்கிறதாம். இதைக் கேட்டதும் எனக்கு நம் பழைய கரும்பு வெட்டுதான் ஞாபகம் வந்தது. உனக்கு ஏழு வயது இருக்கும்போது சுப்புராயன் நிலத்தில் தைலம்மாளைப் பாதி வெட்டில் துரத்தினார்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இரண்டு தடவை எழுந்து போனாள் என்று. செட்டில் ஒருவரும் அவள் வரிசையைத் தொடவில்லை. சுற்றிலும் மொட்டை, நடுவில் ஒரு வரிசைக் கரும்பு மட்டும் நின்றது, லாரிக்காரன் கத்துகிறான், ஆலை ஆள் கத்துகிறான். இரண்டாம் நாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். அந்த வரிசை நிழலில்தான் உன்னை உட்கார வைத்திருந்தேன். செல்லியம்மாள் மகள் அதை நினைவு வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நீ என்ன செய்கிறாய், அந்த வரிசையை வெட்ட உன் தங்கையை அனுப்பச் சொல்கிறாய். சென்னையிலிருந்து வந்த நம் தெருக்காரன் பூமாலை கையில் அளவு பார்க்க ஒரு கம்பெனி சட்டையையும் கொடுத்துவிட்டிருக்கிறாய். ஒன்பதாவதோடு நின்ற பெண், ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவள், என்ன சொன்னாலும் செய்வாள் என்றுதானே கணக்குப் போட்டாய். அனுப்பமாட்டேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பதிமூன்று பேர் முன்னால் நின்று, ராணியைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று உன் வாயால் சொல். அவளைத் திரும்ப எடுக்கும்வரை நானும் அந்தச் சட்டிக்கு ஆள் பிடிக்கமாட்டேன் என்று உன் மேனேஜரிடம் சொல். வேலை போனால் போகட்டும், கரும்பு வெட்ட அரிவாள் இங்கே இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் பொங்கலுக்கு வந்து நிற்காதே, அப்பா கதவைத் திறக்கமாட்டார், நானும் திறக்கச் சொல்லமாட்டேன். வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, உனக்கு ஆகாது. குலசாமி உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், இந்தத் தடவை வேறெதுவும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சாலம்மாள்

அண்ணா, மேலே இருப்பது அம்மா சொன்னது. இது நான் எழுதுவது. நீ அனுப்பிய சட்டையைத் துவைக்க எடுத்தபோது காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு பூ தைத்திருந்தது. சட்டைகள் மாறிப்போகாமல் இருக்க ராணி அக்கா தன் சட்டையில் தைத்த பூ. துவைத்து மடித்து இதோடு அனுப்புகிறேன். நூலைப் பிரிக்கவில்லை. அக்கா திரும்ப வேலைக்கு வரும்போது அவளிடம் கொடு. அம்மா போகச் சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன்.

பெரியநாயகி