கழற்றிக் கொடுத்த சக்கரம்

அன்புள்ள பாப்பா,

போனில் மறுபடியும் உன்னிடம் கத்திவிடுவேன் என்று அம்மா பயப்படுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நம் தென்னூர் வீட்டில் எல்லாரும் டிவியில் உன் சைக்கிள் பந்தயத்தைத்தான் பார்த்தோம். கடைசி ஏற்றத்தில் நீயும் உங்கள் டீம் கேப்டனும் மட்டும்தான் முன்னால். அவள் சக்கரம் பஞ்சரானதும் நீ இறங்கி, உன் சக்கரத்தைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தாய். அவள் ஜெயித்தாள். நீ ரோட்டோரம் உதவி வண்டிக்காக நின்றாய். ஏன் என்று கேட்டால், "அதுக்குத்தாம்பா டீம்ல என்னைச் சேர்த்திருக்காங்க" என்கிறாய்! இதற்காகவா நீ பழகிய நாளெல்லாம் விடியுமுன்னே காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வரை, உன் பின்னால் ஸ்கூட்டரில் வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்தேன்?

உன் அம்மா அதற்கும் மேல். எதிர்வீட்டு டெய்சி டீச்சர், "பாப்பா எத்தனாவதா வந்துச்சுங்க?" என்று கேட்டதற்கு, கொஞ்சமும் கூசாமல், "ஃபர்ஸ்ட்டுங்க டீச்சர்" என்றாள். உள்ளே வந்ததும் ஏன் பொய் சொன்னாய் என்று பிடித்துக்கொண்டேன். "நம்ம பாப்பா சக்கரம்தானேங்க ஃபர்ஸ்ட் வந்துச்சு" என்கிறாள். உங்கள் இருவரோடும் என்னால் மல்லுக்கட்ட முடியாது.

அடுத்த மாதம் டிராக் போட்டியில் நீ தனியாகத்தான் ஓட்டுவாயாம். விசாரித்துவிட்டேன், அங்கே கேப்டன் கிடையாது. ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நீ யாருக்காகவும் நிற்காமல் ஓட்டுவதை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும்.

இன்னும் கோபம் தீராத,
அப்பா