சாலைக்கு மேற்கே கேள்வி மட்டும்

அனுப்புநர்:
கோ. கண்ணாயிரம்,
உப்பளத் தொழில்,
மேற்குத் தெரு (கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்குப் புறம்),
மரக்காணம் அருகில், திண்டிவனம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: தாய் சேய் நல ஆய்வு – எங்கள் ஊரைச் சாலையின் இரு பக்கமாகப் பிரித்து, கிழக்கே செவிலியரையும் மேற்கே கேள்விகளையும் அனுப்புவது – நிறைமாதமாக இருக்கும் என் மகளுக்கும் செவிலியரை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு அனுப்பிய மனுக்கள். (பதில் வரவில்லை. வந்திருந்தால் இந்த மனு வந்திருக்காது.)

பெருமதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு, வணக்கம்.

1. மழைக்காலத்தில் உப்புப் பாத்திகள் தண்ணீரில் மூழ்கிவிடுவதால் எனக்கு வேலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் நான் எழுதும் மனுக்கள் சற்று நீளமாக இருப்பதற்கு இதுவே காரணம். அலுவலகம் பொறுத்தருள வேண்டும்.

2. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தார் எங்கள் ஊரில் ஆய்வு நடத்தி வருகிறார்கள். உலகெங்கும் பிறந்த மாதத்துக்குள்ளேயே ஏராளமான குழந்தைகள் இறந்துபோகின்றன என்றும், எந்த விதமாகப் பார்த்துக்கொண்டால் பிழைக்கும் என்று கண்டறியவே ஆப்பிரிக்காவிலும் நேபாளத்திலும் இங்கும் ஒரே மாதிரி ஆய்வு நடக்கிறது என்றும் ஊர்க்கூட்டத்தில் ஒரு டாக்டர் அம்மா சொன்னார். நல்ல காரியம். நானே முதலில் கைதட்டினேன். பிறகுதான், ஊரில் ஒரு பாதிக்குச் செவிலியர் வீடு தேடி வந்து சொல்லிக்கொடுப்பார், மறுபாதியை ஒப்பிடுவதற்காகச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். செவிலியர் கிழக்குக்குப் போனார். குலுக்கிய பானை எங்கள் வீட்டுப் பானை என்பதுதான் மேற்குக்குக் கிடைத்த ஒரே பெருமை.

3. என் மகள் செந்தமிழைச் சாலைக்குக் கிழக்கே சிலம்பரசன் என்பவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். எனவே அவள் செவிலியர் கணக்கில் இருந்தாள். மாதாமாதம் செவிலியர் போய்ப் பார்த்தார். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது அய்யா அறிந்த வழக்கம். வளைகாப்பு முடிந்து, மேளத்தோடு, லாரிக்கு வழிவிட்டு, சாலையைக் கடந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மறுநாளே அவள் பெயருக்கு நேராக "ஊரை விட்டு வெளியேறியவர், இருப்பிடம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார்கள். அவள் எங்கள் வாசலில் நின்று கையாட்டினால் செவிலியருக்குத் தெரியும். செவிலியரும் பதிலுக்குக் கையாட்டுகிறார். கடந்து வருவதற்கு மட்டும் உத்தரவு இல்லையாம்.

4. எங்கள் பக்கத்துக்கு வருவது ரேணுகா என்ற பெண். பொம்மையார்பாளையத்துக்காரி, தங்கமான குணம். ஆனால் அவர் வேலை கேட்பது மட்டும். குழந்தை பிறந்ததும் குளிப்பாட்டுவீர்களா, முதலில் வாயில் என்ன வைப்பீர்கள், எதில் சுற்றுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார். என் மனைவி ஆண்டாள் பொறுக்க முடியாமல், "குளிப்பாட்டணுமா கூடாதாம்மா? ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போ" என்றாள். அதற்கு அவர், "அதச் சொல்லக் கூடாதுங்கம்மா. கேக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க" என்று கண்கலங்கினார். ஆய்வு முடிந்த பிறகு எங்களுக்கும் சொல்லித்தருவார்களாம். அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. செந்தமிழிடம் கேட்டுப் பார்த்தோம். அவளால் அவ்வளவு நாள் தள்ளிப்போட இயலாதாம்.

அய்யா, ஆண்டாள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தலைச்சன் பிள்ளை இதே போன்ற அடைமழையில் பிறந்தது. பிறந்ததும் நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டினோம். மூன்றாம் நாள் சில்லிட்டுப் போய்விட்டது. குளிப்பாட்டியதாலா, குளிராலா, வேறெதனாலா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

5. இந்நிலையில் ஆண்டாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ரேணுகாவின் வாயைத்தான் கட்டியிருந்தார்கள், முகத்தை அல்ல. "பிறந்ததும் குளிப்பாட்டுவோம்" என்றால் அந்தப் பெண்ணின் முகம் வாடும். "சாயங்காலமா குளிப்பாட்டுவோம்" என்றால் கொஞ்சம் தேறும். "அன்னிக்குக் குளிப்பாட்டவே மாட்டோம்" என்றால் பளிச்சென்று மலரும். இப்படியே ஒவ்வொரு கேள்விக்கும் முகம் மலரும்வரை பதிலை மாற்றிக்கொண்டே போனாள். செய்தி பரவி, ரேணுகா வரும் நாளில் மேற்குத் தெருக் கர்ப்பிணிகள் அத்தனை பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணைக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

6. மேற்குத் தெருவின் பதில்கள் திடீரென்று கிழக்கைவிடச் சரியாக இருப்பதைக் கண்டு மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். ஆய்வில் கலப்படம் நடந்திருப்பதாகச் சொன்னார். உப்பு விளைவிக்கும் தெருவில் வந்து சொல்லக்கூடாத சொல் அது. பரம்பரையாக ஒரு பிடி மணல்கூடச் சேர்க்காதவர்கள் நாங்கள் என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை. இனிமேல் தலை நிமிராமல் தாளைப் பார்த்தே கேள்வி கேட்க வேண்டும் என்று ரேணுகாவுக்கு உத்தரவிட்டார். கிடைத்த ஒரு வழியும் அடைபட்டது. என் மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. ஆகவே செவிலியர் சாலையைக் கடக்க அய்யா அவர்கள் உடனே உத்தரவிட வேண்டுகிறேன்.

(இதுவரை எழுதியது சென்ற திங்கட்கிழமை குறைதீர் நாளுக்காக. மழையில் பஸ் ஓடவில்லை. பிறகு நிலைமை மாறிவிட்டது. தாள் வீணாக வேண்டாம் என்று, எழுதியதை அடிக்காமல் தொடர்கிறேன்.)

7. புதன்கிழமை மதியம் செந்தமிழுக்கு வலி கண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். கேள்வி கேட்க வந்த ரேணுகாவின் ஜீப் மட்டும் நின்றிருந்தது. மேற்குத் தெருக் கர்ப்பிணிகளை அதில் ஏற்றக்கூடாது என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரேணுகா என் மகளையும் ஆண்டாளையும் பின்னால் ஏற்றிவிட்டார். சேதி கேட்டுச் சம்பந்தியம்மாள் கொளஞ்சியம்மாளும் ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

நான் சர்க்கரைத் தண்ணீர்ச் சொம்போடு முன்னால் ஏறினேன். பிறந்த குழந்தையின் நாக்கில் அதை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் வழக்கம். யார் வைப்பது என்று இரு சம்பந்திகளுக்கும் ஒரு மாதமாகச் சண்டை. நான் வைக்கக்கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

ஆஸ்பத்திரி வரை குழந்தை காத்திருக்கவில்லை. சாலையின் நட்டநடுவில், ஜீப் திரும்புவதற்குள் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அழவில்லை. மழையைத் தவிர வேறு சத்தமே இல்லை. அய்யா, அந்த நேரத்தில் நான் எந்த வருடத்தில் இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

அப்போது ரேணுகா தலைநிமிர்ந்து பேச ஆரம்பித்தார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "தொடைங்கம்மா, நல்லா தொடைங்க. முதுகத் தேய்ங்க. குளிப்பாட்டாதீங்க! அவங்க நெஞ்சு மேலயே போடுங்க. துணிய ரெண்டு பேர் மேலயும் சேத்துப் போத்துங்க. அய்யா, அந்தச் சொம்ப அப்பால வைங்க, தாய்ப்பால் மட்டுந்தான்!" என்றார். தன் துப்பட்டாவையே எடுத்துப் போர்த்தினார். ஆண்டாள் முதுகைத் தேய்த்தாள். குழந்தை அழுதது. ஆண்டாளும் அழுதாள். முப்பது வருடத்துக்கு முந்தைய அழுகையும் அதில் சேர்ந்திருந்தது. சர்க்கரைத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் நானே குடித்துவிட்டேன். என் குணம் என்னோடு நிற்கட்டும் என்று இரு சம்பந்திகளுக்கும் நிம்மதி.

8. அன்று நடந்ததை ரேணுகா ஒளிக்காமல் எழுதிக்கொடுத்தார். கண்காணிக்க வேண்டியவர் தலையிட்டுவிட்டார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். குழந்தை கிழக்கா மேற்கா என்று தெரியாமல் அதையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஆகவே அய்யா, மேலே கேட்டதை மாற்றிக் கேட்கிறேன். எங்களுக்குக் கிழக்குச் செவிலியர் வேண்டாம். ரேணுகாவையே திருப்பி அனுப்புங்கள், வாய்ப்பூட்டு இல்லாமல். மேற்குத் தெருவில் இன்னும் நிறைமாதப் பெண்கள் இருக்கிறார்கள். மழையும் விடவில்லை. என் பேத்தியை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், எழுதாமலும் விடட்டும். அவள் உடம்பு வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆண்டாள் நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

நாள்: 14.11.2005
இடம்: சாலைக்கு மேற்கே

தங்கள் பதிலை இந்த முறையாவது எதிர்பார்க்கும்,
கோ. கண்ணாயிரம்

சாட்சி: ஆண்டாள் (இடது பெருவிரல் ரேகை. வலது கை குழந்தையின் மேல் இருப்பதால்.)