சாஜங் இறந்த வாரம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் கடும் பனிமூட்டம். குசைஸிலிருந்து தேராவுக்கு பஸ் ஊர்ந்து வந்தது. சாப்பாட்டுக் கடை வாசலில் முட்டைக்கோஸ் இறங்கியிருந்தது, கொரியாக்காரர்களின் நீள வகை. இரண்டாகப் பிளந்து, கிம்ச்சி ஊறுகாய்க்கு உப்புப் போட்டு வைத்தேன். மதியம் நான்கு மேசைதான். சாஜங் இல்லாத கடைக்கு யார் வருவார்கள்.

மாலை கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி. கட்டிலில் ஒட்டிய சீட்டில் அவருடைய முழுப்பெயர். யாரோ ஒருவருடைய பெயர் மாதிரி இருந்தது. சாஜங் என்றால் கொரிய மொழியில் முதலாளி. பதினோரு வருடம் கூப்பிட்டு எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

அவர் மனைவி, மேடம், வெளியே நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. சாஜங்குக்குக் கஞ்சி இறங்கவில்லை. இரண்டு ஸ்பூன், அவ்வளவுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு "ஜுன்ஹோ" என்றார். மகன் பெயர். லண்டனில் இருக்கிறான். கடையை எடுத்து நடத்த மாட்டேன் என்று சண்டை போட்டுப் போனவன், மூன்று வருடமாக அப்பாவோடு பேச்சில்லை.

"சாப்பிட்டாயா?" என்று கொரிய மொழியில் கேட்டார். அது எனக்குப் புரியும். நான் மணி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாப்பிட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் விடவில்லை.

நவம்பர் 5, புதன்

போய்விட்டார். விடியும்போது.

மேடம் அழவில்லை. போனில் மகனிடம் இரண்டே வாக்கியம் பேசிவிட்டு வைத்துவிட்டார். வருகிறானா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

காதர் பாய்க்கு போன் செய்தேன். கீழக்கரைக்காரர், என் ரூம்காரர், அரசாங்க விண்ணப்பங்கள் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் வேலை. "தம்பி, அந்தம்மாட்ட ரெண்டு பேரு பாஸ்போர்ட்டு, எமிரேட்ஸ் ஐடி எல்லாம் வாங்கி வை. பேப்பர் வேலய நான் பாத்துக்குறேன். நீ அவங்க கூட இரு."

துக்கம் கேட்பவர்கள் கடைக்குத்தான் வருவார்கள். கடையை மூடி, மேசைகளை நானும் நேபாளி பையன்களும் ஓரமாக அடுக்கினோம். கொரிய சங்கத்திலிருந்து வெள்ளைச் சாமந்தி வந்தது. அஞ்சலிக்கு வைக்கப் படம் தேடினால் நல்லதாக ஒன்றுமே இல்லை. கடைசியில் கொரியப் பள்ளி விழாவில் எடுத்தது. கழுத்தில் தொங்கிய மேளத்தை ஸ்டுடியோக்காரன் வெட்டிவிட்டான். சிரிப்பு மட்டும் மிச்சம். அடிக்கும்போதுதான் அவர் அப்படிச் சிரிப்பார்.

சாமந்தி வாசனை கடை முழுக்க. தலைவலி.

நவம்பர் 6, வியாழன்

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாதாம். காரமான மாட்டிறைச்சி சூப், சோறு, கிம்ச்சி. நம் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது, இங்கே அணையவே இல்லை.

நான் மாட்டிறைச்சி தொடுவதில்லை. சமைப்பேன், ருசி பார்க்க மாட்டேன். உப்பு பார்ப்பது சாஜங்தான். சமையலறைக்குள் தலையை நீட்டி, கரண்டியை வாங்கி, "இன்னும்" என்பார், அல்லது போய்விடுவார். இன்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மேடத்தைக் கூப்பிட மனம் வரவில்லை. நானே வாயில் ஊற்றினேன். உப்பு குறைவு. போட்டேன். பிறகு வாய் கொப்பளித்தேன், அதற்காக வெட்கமாக இருந்தது.

வருகிறவர்கள் படத்துக்கு இரண்டு முறை தரையில் விழுந்து கும்பிடுகிறார்கள், பிறகு வீட்டாருக்கு ஒரு முறை. வீட்டார் பக்கத்தில் மேடம் மட்டும். அவரால் ஒவ்வொருவருக்கும் குனிந்து எழ முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார். "மணி, இங்க நில்லு." எனக்குப் போட்டுவிட்ட கறுப்புக் கோட்டு யாருடையதோ. அதன் கையில் கோடு போட்ட பட்டி. மகன் கட்ட வேண்டியது.

சங்கத்துச் செயலாளர் மேடத்திடம் மெதுவாக ஏதோ சொன்னார். என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மேடம் பதில் சொன்னது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது: வந்தவன் நிற்கிறான்.

ஹான் பெரியவர் மட்டும் சாப்பிட்ட பிறகும் போகவில்லை. சாஜங்கும் அவரும் ஒரே விமானத்தில் வந்தவர்கள், வெல்டர்கள். ஜெபல் அலி துறைமுகம் கட்டும்போது. சைட்டில் கற்ற ஹிந்தியில் சொன்னார், "அப்ப எங்க நாட்டுலயும் கஷ்டம் பாய். ஒரே ரூம்ல எட்டு பேரு. ஊர்லேருந்து டின்னுல கிம்ச்சி வரும், சூட்டுல வெடிச்சுப் போயிருக்கும். அதையும் வழிச்சுத் தின்போம்." சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முழங்கால் வலி. எத்தனை பேருக்குக் குனிந்தேனோ.

நவம்பர் 7, வெள்ளி

மூன்றாம் நாள் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பேப்பர் முடியவில்லை. ஞாயிறுதான் என்கிறார் காதர் பாய்.

மதியம் ஜுன்ஹோ வந்துவிட்டான். ஏர்போர்ட்டிலிருந்து நேராக, பையோடு. வாசலிலேயே நின்றான். இங்கே பிறந்து இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவன். மேடம் அவனைப் பார்த்தார், எழவில்லை.

என்னிடம் வந்தான். "மணி பாய், நான் எங்க நிக்கணும்? எனக்கு எதுவும் தெரியாது."

கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவனுக்கு அளவாக இருந்தது. பட்டியை நேராக இழுத்துவிட்டு, "மொதல்ல வலது கை மேல, அப்புறம் முட்டி போடு" என்றேன். இரண்டு முறை விழுந்தான். இரண்டாவது முறை எழவே இல்லை. அப்போதுதான் மேடம் போய் அவன் முதுகில் கை வைத்தார்.

சரியானதுதான் நடந்தது. பிறகு ஏன் சமையலறையில் போய் நின்றுகொண்டேன்? ஒரு நாள் நின்ற இடம். அதற்குள்ளா.

சாயங்காலம் அங்கேயே வந்தான். "என்னப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

நடந்ததை அப்படியே சொன்னேன். நீ என்று நினைத்து என் கையைப் பிடித்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

"எம் பேரச் சொன்னாரா?"

"உம் பேருதான்."

"நீ ஏன் நான் இல்லன்னு சொல்லல?"

ஒரு கிண்ணத்தில் சோறும் சூப்பும் வைத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டான். மூக்கு ஒழுக, காரத்தாலா அழுகையாலா தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெபல் அலி தகனக்கூடம். வெயில் இல்லை, நல்ல காற்று. எங்களுக்கு முன்னால் ஒரு ஆந்திராக்காரக் குடும்பம். பக்கத்தில் தேங்காய் உடைக்கும் சத்தம்.

ஜுன்ஹோ படத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால். பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளினோம், ஆறு பேர். ஹான் பெரியவர் பாக்கெட்டிலிருந்து ஒரு கைமணியை எடுத்து ஆட்டினார். பாட ஆரம்பித்தார். அவர் ஊரில் பாடை தூக்கும்போது பாடுவதாம். ஒருவர் ஒரு வரி பாடினால், தூக்குகிறவர்கள் எல்லோரும் ஓ ஹோ என்று இழுத்து பதில் சொல்ல வேண்டும்.

அவர் பாடி நிறுத்தினார். யாரும் பதில் சொல்லவில்லை. கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளம்பையன்கள், கேட்டதே இல்லை போலிருக்கிறது. மறுபடி ஒரு வரி. மறுபடி மௌனம். வண்டிச் சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. பெரியவரின் குரல் உடையத் தொடங்கியது.

மேடம்தான் பதில் சொன்னார். மெல்லிய குரல், ஆனால் இழுத்து. அடுத்த வரிக்கு நானும். பின்னால் காதர் பாயும் சேர்ந்தார். ஜுன்ஹோ திரும்பிப் பார்த்தான், பிறகு அவன் குரல் எல்லோருக்கும் மேலே. நடை கொஞ்ச தூரம்தான். வாசல் வந்த பிறகும் பெரியவர் நிறுத்தவில்லை, நாங்களும் நிறுத்தவில்லை. அங்கே வேலை செய்கிறவர் கதவைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லி அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது காதர் பாய், "நம்ம ஆளு மாதிரியே பொழச்சுட்டுப் போயிட்டாரு தம்பி."

நவம்பர் 14, வெள்ளி

கடையை ஒரு சீனாக்காரர் எடுத்துக்கொள்கிறார். குளிர்பெட்டிகள் காலி செய்தேன். போன வாரச் செவ்வாய்க்கிழமை உப்பிட்ட முட்டைக்கோஸ் கெட்டுவிட்டது, கொட்டினேன். கடைப் பெயரில் இருக்கும் என் விசா கேன்சல் திங்கட்கிழமை. காதர் பாய் ஜெபல் அலியில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறார்.

மாலை ஏர்போர்ட். மேடம் கொரியாவுக்கே போய்விடுகிறார், திரும்பி வர மாட்டார். சாம்பல் குடுவையை வெள்ளைத் துணியில் கட்டி மார்போடு பிடித்திருந்தார். ஜுன்ஹோ வாங்கக் கேட்டான், கொடுக்கவில்லை.

பாஸ்போர்ட் பார்க்கும் இடம்வரை கூடப் போனேன். அதற்கு மேல் விடமாட்டார்கள். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். குடுவையை மகன் கையில் கொடுத்தார். ட்ராலிகளும் கூட்டமுமாக இருந்த அந்தத் தரையில், முழங்கால் போட்டு, நெற்றி கீழே படுகிற அளவுக்கு என்னைக் கும்பிட்டார்.

"மேடம், வேணாம் மேடம்" என்று தமிழில்தான் வந்தது. நானும் அப்படியே கீழே விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது ஜுன்ஹோ அவரைத் தாங்கி அழைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாலம் தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த பாகிஸ்தானி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.