வாய்க்கால் கரையில் அணைந்த வண்டி

அண்ணே,

காலையில் என் மகன் வாசலில் தன் பழைய மோட்டார் சைக்கிளின் டேங்கைக் கழற்றி வைத்து, வயர்களை வெளியே இழுத்துப் போட்டிருந்தான். "ஸ்பார்க் வரலம்மா" என்றான். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அன்று இவன் என் வயிற்றில் இருந்தான். கூலி உயர்வு கேட்டு நம் தெரு அறுப்பை நிறுத்தியிருந்த நேரம். நீ சங்கத்துச் செயலாளர். பிரசவத்துக்கு வந்த என்னைத் திருக்காட்டுப்பள்ளியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, சங்கத்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டாய். கடைத்தெரு தாண்டுவதற்குள் டீக்கடைக்காரர் ஓடி வந்து மறித்தார்.

"மிராசுதார் ஆளுங்க டிராக்டர்ல ஒங்க தெருவுக்குத்தான் கெளம்புறாங்க. கையில கம்பு, அரிவா எல்லாம் இருக்கு. சீக்கிரம் போங்க."

வாய்க்கால் கரையில், நம் ஊருக்கு இடப்பக்கம் திரும்பும் இடத்தில் வண்டி அணைந்தது. உதைத்துப் பார்த்தாய், பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் விளைந்த நெல். ஒளிய ஒரு மரம்கூட இல்லை. பின்னால் தூரத்தில் டிராக்டர் சத்தம்.

"நீ ஓடுண்ணே. போய்ச் சொல்லு. நான் வயலுக்குள்ள படுத்துக்கிறேன்."

"ஒன்ன இப்படி விட்டுட்டா? சும்மா இரு."

பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்தாய். பொறி இல்லை. உன் கை நடுங்கி ஸ்பேனர் கீழே விழுந்தது. நீ பயந்து நான் பார்த்தது அன்றுதான். நான் டிராக்டர் சத்தம் வந்த பக்கம் பார்த்தபடி, திரும்பியிருந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன், அது நேராயிற்று. நீ மறுபடி உதைத்தாய். நீலமாக ஒரு பொறி.

"இடப்பக்கம் திருப்பு" என்றாய். பொறி போயிற்று. "நேரா வை." வந்தது.

டேங்குக்கு அடியில், ஹேண்டில் கழுத்தருகே ஒரு வயரின் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் அது இரும்பில் பட்டு எஞ்சினை அணைத்திருக்கிறது. உன் துண்டின் ஓரத்தைப் பல்லால் கிழித்து அதில் சுற்றினாய். பிளக்கை மாட்டினாய். டிராக்டரில் நின்றவர்களின் தலைகள் தெரியத் தொடங்கியிருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி பிடித்தது.

நாம் போய்ச் சொன்னதும் தெருவே பிள்ளைகளையும் வயசானவர்களையும் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் இறங்கிவிட்டது. வந்தவர்கள் கூரைகளைப் பிடுங்கினார்கள், பானைகளை உடைத்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. மூங்கில் புதருக்குள் நீ என் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது.

போன மாதம் உன் படத்திறப்பில் பேசிய எல்லோரும் உன்னைப் பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன் என்றார்கள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை, அண்ணே. டிராக்டர் சத்தம் கேட்டால் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். அவர்கள் சொன்ன ஆளை எனக்குத் தெரியாது. நடுங்கிக்கொண்டே என்னை விட்டுப் போகாமல் நின்றாயே, அந்த உன்னை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.